குதிரை ஜீன்ஸும் நான் கேட்காத கேள்வியும்

1. வெட்டித் தைத்த கதை

துபாயில் குதிரைச் சவாரிச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். லீவில் கோயம்புத்தூர் போய்க் கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அப்ப நீ குதிரை ஓட்டுவியா மாலதி?" என்பதுதான். ஓட்ட மாட்டேன். குதிரையை இருபதடி தள்ளி நின்று ரசிக்கிற ரகம் நான். ஆனால் குதிரை மேல் ஏறப்போகிறவருக்கு எந்த ஜீன்ஸ் சரிப்படும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். துணிப் பிரிவுக்கு இப்போது நான்தான் சீனியர். புதிதாகச் சேருகிற பெண்கள், "எப்படிக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்கிறார்கள். திட்டு வாங்கித்தான். அதில் இரண்டு திட்டை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலாவது, சேர்ந்த அன்றைக்கே வாங்கியது. பி.காம் படிப்பும் ஆறு மாத டெய்லரிங் டிப்ளமாவும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கடை மேனேஜர் ஷபீர் பாய், லாகூர்க்காரர். "சிலாயி ஆத்தா ஹை?" என்று ஒரே கேள்வி. தையல் தெரியும் என்றேன். ஆல்டரேஷன் மெஷினைக் காட்டிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

அவர் போன கையோடு ஒரு லெபனான் பெண்மணி வந்து ஜீன்ஸ் எடுத்தார். இடுப்பு கச்சிதம். கீழே மட்டும் ஒரு சாண் நீளம் கூடுதலாக வந்து, பூட்ஸ் மேல் மடிப்பு மடிப்பாக விழுந்து கிடந்தது. நம்ம ஊரில் ரெடிமேட் பேன்ட் வாங்கினால் அடுத்த வேலை கீழே வெட்டித் தைப்பதுதானே? அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, பின் குத்தி, அளவெடுத்து, வெட்டி, நூல் நிறம் பார்த்து அழகாகத் தைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா வாயைத் திறந்து தடுக்கவும் இல்லை. அவரும் சவாரிக்குப் புதிது என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அதே ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் கடை நடுவில் மரத்தில் செய்த ஒரு ஸ்டாண்டு உண்டு. குதிரை உயரத்துக்கு இருக்கும். அதன் மேல் சேணம் மாட்டியிருக்கும். நேராக அதில் ஏறி உட்கார்ந்து, சேணத்திலிருந்து தொங்குகிற ஸ்டிரப் வளையத்தில் காலை வைத்தார். நான் அழகாகத் தைத்த ஓரம் பூட்ஸைத் தாண்டி முழங்காலுக்குப் பாதி வழியில் போய் நின்றது. ஸ்டிரப்பைத் தாங்குகிற தோல்வார் வெறும் காலில் உரசி, சிவந்து போயிருந்ததையும் காட்டினார்.

ஷபீர் பாய் கத்தவில்லை. புது ஜீன்ஸ் ஒன்றை மாற்றிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு என்னிடம் ஒரே வரி சொன்னார்: "பெஹலே பிடாவோ, ஃபிர் பேச்சோ." முதலில் உட்கார வை, அப்புறம் விற்றுக்கொள். என் அளவெடுக்கும் டேப்பை வாங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். ஒரு மாசம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

2. நிற்பது வேறு, உட்காருவது வேறு

அந்த ஒரு மாசத்தில் கண்ணால் அளவெடுக்கக் கற்றுக்கொண்டேன். சவாரியில் இரண்டு வகை. இங்கிலீஷ் சவாரிக்காரர்கள் ஒட்டிப் பிடிக்கிற பிரீச்சஸ் போடுவார்கள். வெஸ்டர்ன் சவாரிக்காரர்களுக்குத்தான் ஜீன்ஸ். அவர்கள் சேணம் பெரிசு, முன்னால் கொம்பு மாதிரி ஒன்று நிற்கும், மணிக்கணக்கில் அதில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்காருகிற ஆளுக்கு மாலில் வாங்குகிற ஜீன்ஸ் எதிரி.

சாதாரண ஜீன்ஸை உள்பக்கம் திருப்பித் தொடை நடுவே தடவிப் பாருங்கள். கயிறு மாதிரி ஒரு தடித்த தையல் ஓடும். நடக்கும்போது தெரியாது. குதிரை மேல் உட்கார்ந்தால் உடம்பு எடை முழுக்க அதில்தான் இறங்கும். சவாரி ஜீன்ஸில் அந்தத் தடித்த தையலைக் காலின் வெளிப்பக்கத்துக்குக் கொண்டு போயிருப்பார்கள், உள்பக்கம் தட்டையாக இருக்கும். பின் பாக்கெட் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், அதில் செம்புக் குமிழ் இருக்காது, இருந்தால் சேணத்துத் தோலைக் கீறிவிடும். இடுப்பு கொஞ்சம் உயரமாக வரவேண்டும். இல்லையென்றால் முன்னால் குனியும்போது முதுகுப் பக்கம் திறந்துகொள்ளும், பின்னால் வருகிறவர்களுக்குத்தான் சங்கடம். நீளம் கூடுதல் எதற்கு என்பதை ஏற்கெனவே என் செலவில் சொல்லிவிட்டேன்.

ஆளை நின்றபடி முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, ஸ்டாண்டிலும் உட்கார வைத்து, தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் துணி மடிகிறதா என்று பார்க்க வேண்டும். மடிந்தால் பெரிசு. தூக்கவே முடியவில்லையென்றால் சின்னது. இவ்வளவுதான் வித்தை. இதையெல்லாம் கற்றுக்கொண்டதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை. பத்து வருஷத்துக்கு மேல் என் பேரில் ஒரு புகாரும் இல்லை. அப்புறம் முத்துராமன் வந்தார்.

3. "அக்கான்னே கூப்பிடுறேன்"

அல் ஐன் ரோட்டில் பாலைவனத்துக்குள் ஒரு குதிரைப் பண்ணை உண்டு. டூரிஸ்ட்டுகளைக் குதிரையில் ஏற்றி மணல் மேட்டுக்குள் கூட்டிப் போய்வருவார்கள். முத்துராமன் அங்கே லாயத்தில் வேலை செய்பவர். பரமக்குடிப் பக்கம் ஊர். நாற்பதைத் தாண்டிய ஆள், ஒல்லி, கையில் பண்ணை மேனேஜர் கொடுத்த சீட்டு. 'ரைடிங் ஜீன்ஸ், இரண்டு' என்று எழுதியிருந்தது.

என் சட்டையில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "மாலதியா? தமிழா மேடம்?"

"கோயம்புத்தூருங்க."

"அப்ப அக்கான்னே கூப்பிடுறேன்."

என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் சின்னவராக இருப்பார். சரி, கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

ஜீன்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. பண்ணையில் பாதி லாயத்தை மூடப்போகிறார்கள். வேலையாட்களில் யாருக்குச் சவாரிக் கூட்டத்தை முன்னால் நின்று நடத்திப் போகத் தெரியுமோ, அந்த இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். மற்றவர்களுக்கு விசா கேன்சல். அதற்கு ஒரு டெஸ்ட் வைக்கிறார்கள். இரண்டு மணி நேரம் வெஸ்டர்ன் சேணத்தில் உட்கார்ந்து, ஆட்களைக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

"குதிரைக பூராம் எங்கிட்ட நல்லாப் பழகும்க்கா. ஆனா இம்புட்டு வருசமா கழுவுறதும் தீனி வைக்கிறதுமாத்தான் இருந்துட்டேன். ஏறி உக்காந்ததே இந்த மாசந்தான். நாப்பத்திரண்டு வயசுல ஊருக்குப் போயி என்ன செய்ய? ரெண்டு பொம்பளப் புள்ளைக காலேஜ்ல படிக்குதுக."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இந்த ஆளுக்கு நம் கடையில் இருக்கிற நல்ல ஜீன்ஸைக் கொடுத்தே தீருவது என்று நினைத்தேன்.

அவர் இடுப்புக்கு முப்பத்தொன்று சரியாக இருக்கும் என்று கண்ணிலேயே தெரிந்தது. போட்டுக்கொண்டு டிரையல் ரூமை விட்டு வெளியே வந்தார். தொடையில் பிதுங்குகிறது. முழங்காலைத் தூக்கச் சொன்னால் பாதிக்கு மேல் வரவில்லை. இவ்வளவு ஒல்லி ஆளுக்குத் தொடை மட்டும் இப்படியா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது.

"எங்கீங்க புடிக்குது?"

"லேசாப் புடிக்குதுக்கா. இங்கிட்டு" என்று முழங்கால் பக்கமாகப் பொத்தாம் பொதுவாகக் கையைக் காட்டினார்.

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. முப்பத்திநாலு கொடுத்தேன். இடுப்பில் தொளதொளத்ததை பெல்ட் போட்டு இறுக்கினோம். ஸ்டாண்டில் உட்கார்ந்தார். துணி கொஞ்சம் மடியத்தான் செய்தது, கண்டும் காணாமல் விட்டேன். "கீழ வெட்டணும்லக்கா?" என்று கேட்டார். "வெட்டவே கூடாதுங்க" என்று என் லெபனான் அம்மா கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினேன்.

4. உட்காராத மனுஷன்

இரண்டு வாரம் கழித்துப் பண்ணை மேனேஜர் ஹெலன் போன் செய்தார். தென்னாப்பிரிக்காக்காரர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். போனை வைத்துவிட்டு ஷபீர் பாய் என்னைக் கூப்பிட்டார். "மாலதி ஜி, க்யா பேச்சா ஆப்னே? ஆத்மி பைட்தா ஹி நஹி!"

என்ன விற்றாய், ஆள் உட்காரவே மாட்டேன் என்கிறானாம். முதல் இருபது நிமிஷம் ஒழுங்காகப் போகிறாராம். அப்புறம் ஸ்டிரப்பில் எழுந்து நின்றுகொள்கிறாராம். எடை ஒரு நிலையில் இல்லாததால் குதிரை குழம்பிப் போய் நின்றுவிடுகிறதாம். பயப்படுகிறான் என்று ஹெலன் நினைத்துவிட்டார். இருந்தாலும் ஜீன்ஸை ஒரு தடவை மாற்றிப் பார்ப்போம் என்று முத்துராமனைத் திரும்ப அனுப்பினார்.

முத்துராமன் வந்தார். காலை அகட்டி வைத்து நடந்து வந்தார். அதையும் நான் பார்த்தேன்.

"ஜீன்ஸ் எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குக்கா. மேடம்தான் மாத்திட்டு வரச் சொன்னாக."

"உரசுதுங்களா?"

"இல்லக்கா. அதெல்லாம் பழகிரும்க்கா."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். என்ன நடக்கிறது என்று எனக்குப் பாதி புரிந்தது. எந்த இடத்தில் என்றும் புரிந்தது. ஆனால் அதை எப்படிக் கேட்பது? ஒரு அக்கா ஒரு தம்பியிடம் கேட்கிற கேள்வியா அது? துணி மெல்லிசாக இருக்கிறதோ என்னமோ என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அதே முப்பத்திநாலில் கனமான டெனிம் எடுத்துக் கொடுத்தேன். காயத்தின் மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான் அது.

5. ரோஸ் கேட்டாள்

டெஸ்ட் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் முத்துராமன் மறுபடி வந்தார். இரண்டு ஜீன்ஸையும் துவைத்து மடித்து ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். நான் போனில் ஒரு கஸ்டமரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பூட்ஸ் பிரிவில் ரோஸ் என்று ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருக்கிறாள். அவளிடம் கவரை நீட்டினார்.

"ரிட்டர்ன் சிஸ்டர். ஐ நோ டெஸ்ட். ஐ கோ இந்தியா."

ரோஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வேர் பெயின், குயா?" என்றாள். அண்ணன் என்பதற்கு அவர்கள் வார்த்தை குயா.

நான் போனைக் காதில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனுஷன் ஒரு கூச்சமும் இல்லாமல் இரண்டு தொடையின் உள்பக்கத்தையும் கையால் காட்டினார். "ஹியர், ஹியர். ஸ்கின் கான். ப்ளட் கமிங்."

"இன்சைட், வாட் யூ வேர்?"

"லாங் ஒன். கம்ப்ளீட் லைன் லைன்" என்று முழங்கால் வரைக்கும் விரலால் கோடு கோடாக இழுத்துக் காட்டினார்.

ரோஸ் ஓடி வந்து என் காதில் சொன்னாள்: "மாலதி, உள்ளே திரைச்சீலை கட்டியிருக்கிறார்!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பட்டாபட்டி. நாடா முடிச்சும், அகலமான காலும், முழங்கால் வரை தொங்குகிற நீளமும், கைவிரல் தடிமனுக்குத் தையலும் உள்ள கோடு போட்ட பட்டாபட்டி. அதைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டு அதன் மேல் முப்பத்தொன்று போட்டால் பிதுங்காமல் என்ன செய்யும்? அவர் தொடை பெரிசென்று நினைத்து நான் ஜீன்ஸைப் பெரிசாக்கினேன். பெரிசாக்கியதும் உள்ளே சுருண்டு திரிய அதற்கு இன்னும் நல்ல இடம் கிடைத்தது.

போனை வைத்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நிமிஷம் வெட்கமாகப் போனது. மூன்று வாரமாக என்னிடம் மறைத்ததை, அரைகுறை இங்கிலீஷில் முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். இங்கிலீஷில் அது வெறும் தகவல். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் எதிரே அக்கா நிற்கிறாள்.

6. நான் கேட்டேன்

ரோஸையே விட்டு மிச்சத்தையும் பேசச் சொல்லியிருக்கலாம். அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. தப்பு செய்தது நான்.

"முத்துராமன், இங்க வாங்க. உக்கார வேண்டாம், நின்னே பேசலாம்."

"சொல்லுங்கக்கா."

"நான் உங்களுக்கு ரெண்டு தடவையும் தப்பான ஜீன்ஸைத்தானுங்க குடுத்திருக்கேன். கேக்க வேண்டியதக் கேக்கல. இப்பக் கேக்கறேன். உள்ள பட்டாபட்டிங்களா?"

அவர் பூட்ஸ் அலமாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ரோஸை ஒரு முறை முறைத்தார்.

"அக்கா..."

"அக்காவ விடுங்க. துணி விக்கறவ கேக்கறேன்."

"ஆமாக்கா. ஊருல இருந்து டஜன் கணக்குல கொண்டாருவேன். இந்த வெக்கைக்கு அதான் தோது."

"வெக்கைக்குச் சரிங்க. குதிரைக்குச் சரியாகுமுங்களா? தொடை எப்படி இருக்குது?"

அவர் குரல் இறங்கிப்போனது. "தோலு உரிஞ்சு கெடக்குக்கா. துணி ஒட்டிக்கிருது. பிச்சு எடுக்கையில உசுரு போகுது. நமக்கு இந்தச் சவாரி வராது போலன்னு விட்டுட்டேன்."

"உங்களுக்குச் சவாரி வருமுங்க. உள்ளாடைதான் வரல" என்றேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்ததை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

சவாரிக்கென்றே உடம்போடு ஒட்டுகிற, முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிற உள் ஷார்ட்ஸ் வருகிறது. தையல் இருப்பது கைக்கே தெரியாது. அதைக் கொடுத்து, முப்பத்தொன்று ஜீன்ஸைக் கொடுத்தேன். வெளியே வந்து முழங்காலைத் தூக்கினார். இடுப்பு வரைக்கும் வந்தது. தொடையில் ஒரு மடிப்பு இல்லை. ஸ்டாண்டில் மெதுவாக ஏறி உட்கார்ந்து, "அக்கா, ஒண்ணுமே போடாத மாதிரி இருக்குக்கா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ரோஸுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் புண் இருக்கிறதே. பக்கத்துக் கிளினிக்கில் காட்டியதில் பத்து நாள் குதிரைப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். டெஸ்ட்டுக்கு நாலே நாள். ஹெலனிடம் பேசுகிறேன் என்று ஷபீர் பாயிடம் சொன்னேன். கடை மேல் தப்பு என்று நாமே சொல்வதா என்று முகம் சுளித்தார். "பிடாகே பேச்சா, பாய். பூச்சா நஹி" என்றேன். உட்கார வைத்துத்தான் விற்றேன், ஆனால் கேட்கவில்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு போனை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஹெலனிடம் ஒளிக்காமல் சொன்னேன். அளவு தப்பாகக் கொடுத்தது நான், ஆள் பயந்தவர் இல்லை, ரத்தம் வரவரத்தான் உங்கள் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார், இரண்டு வாரம் கொடுங்கள்.

"அவர் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"என்னை அக்கா என்று கூப்பிட்டுவிட்டார்" என்றேன்.

"எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டு வாரம் தருகிறேன்" என்றார் ஹெலன்.

7. டெஸ்ட்டுக்குப் பிறகு

டெஸ்ட் நடந்த சனிக்கிழமை எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. யாருக்கோ முப்பத்தாறுக்குப் பதில் இருபத்தாறை எடுத்துக் கொடுத்தேன். மத்தியானம் தாண்டித்தான் போன் வந்தது.

"அக்கா, ஏழு பேரைக் கூட்டிக்கிட்டுப் போயி ஏழு பேரையும் முழுசாக் கொண்டாந்து சேத்துட்டேன்க்கா. விசா அடிக்கப் பாஸ்போர்ட்டை வாங்கிட்டாக."

நல்லதுங்க, வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க என்றேன். சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரம்மா அழுதாராம். அவரும் அழுதிருப்பார், குரலில் தெரிந்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? அன்னைக்கி நீங்களா வாயத் தொறந்து கேக்கலைன்னா, நான் உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டேன்க்கா. பேசாம ஊருக்கு வண்டி ஏறியிருப்பேன்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் துணி, தையல், நீளம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். அதெல்லாம் ஒரு மாசத்தில் வந்துவிடும். நம்ம ஊர் ஆள் ஒருவர் உள்ளே வந்து, சிரித்த முகமாக, "நல்லா இருக்குக்கா" என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். எங்கே வலிக்கிறது, உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று தமிழிலேயே, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. கூச்சத்துக்காக ஒரு மனுஷன் வேலையையே விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தார். அந்தக் கூச்சத்தில் பாதி என்னுடையது.